காலி கேரியர்

தையல் ஆலையிலிருந்து திரும்பிய என் மகளை வழியில் ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான். அவள் வேலையை நிறுத்த எனக்கு மனமில்லை. எங்கள் ஊர் மலைமேல் இருக்கும் சாமுண்டி அம்மனை வேண்டிக்கொண்டு ஒரு கராத்தே மாஸ்டரிடம் போனேன். ஒல்லியான ஆள், சோடாபுட்டிக் கண்ணாடி. அங்கே ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடியே உதைக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

"வெள்ளை டிரஸ் எங்க சார் வாங்கணும்?"

"அதப் போட்டுக்கிட்டா வேலைக்குப் போறாங்க? வேலை முடிஞ்சு வர்ற மாதிரியே வரச் சொல்லுங்க."

மகள் புடவையும் டிபன் கேரியருமாகப் போனாள். மாஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கன்னடத்துல கத்தும்மா, இந்த ஊரு ஜனம் புரிஞ்சு ஓடி வரணும். கேரியரால அடி. அப்புறம் ஓடு."

"காலி கேரியர் சார், வலிக்காதே."

"சத்தம் வரும்ல."

மகள் வேலையை விடவில்லை. இன்றும் மலைக்குப் போனால், ஆயுதம் ஏந்திய அம்மன் கைகளில் ஒன்றிலாவது கேரியர் இருக்கிறதா என்று என் கண் தேடுகிறது. தாயே, தப்பாக நினைக்காதே.