மச்சாள் வாங்கிய அம்பிளிபயர்

ஆறு வருடங்களாகச் சனிக்கிழமைக் காலைகளில் மொன்றியலின் பழைய சாமான் சந்தைகளில் அலைந்தேன். தேடியது ஒன்றே ஒன்றைத்தான். அறுபதுகளில் செய்த வால்வு அம்பிளிபயர். கண்ணாடிக் குழாய்கள் மெல்லச் சூடேறிச் செம்மஞ்சளாக ஒளிரும் பழைய வகை. கிற்றாரை அதில் மாட்டினால் ஒலி தேன்போல வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

வார நாட்களில் நான் பியர்பொன்ட்ஸில் ஒரு கார்டெறியில், அதாவது பகல்நேரக் காப்பகத்தில், பிள்ளை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்கின் தமிழ்த் திருப்பலியில் கிற்றார் வாசிப்பவள். என்னிடம் இருந்தது ஒரு மலிவான ட்ரான்ஸிஸ்டர் பெட்டி. போத்தலுக்குள் அடைபட்ட குளவி மாதிரி இரையும். பாட்டு சரிவராத ஞாயிறுகளில், "இந்தப் பெட்டியோடை என்ன செய்யிறது?" என்று பாடகர் குழுவிடம் சொல்வேன். ஒருவரும் மறுத்ததில்லை.

கடைகளில் வால்வு அம்பிளிபயரின் விலை எனக்கு எட்டாது. சந்தையில் மட்டும்தான், அதன் அருமை தெரியாத யாராவது தட்டுமுட்டுச் சாமானோடு சேர்த்து வைத்திருப்பார்கள். அதே வேட்டையில் இன்னொருவரும் இருந்தார். கையில் சின்ன டோர்ச் லைட்டோடு திரியும் பிரெஞ்சு பேசும் உள்ளூர்க் கிழவர். என்னைக் காணும்போதெல்லாம் "பொன்ஜூர் மடாம்" என்று சொல்லித் தன் போனை நீட்டி, தான் அகப்படுத்தியவற்றின் படங்களைக் காட்டுவார். நான் சிரித்துக்கொண்டே பார்ப்பேன். பிறகு காரில் போய் இருந்து கதவை அடித்துச் சாத்துவேன்.

ஒரு ஒக்டோபர் சனிக்கிழமை, தம்பியின் மனைவி தானும் வரட்டோ என்று கேட்டாள். மன்னார்ப் பெண். கலியாணம் முடித்து ஸ்பொன்சரில் வந்து மூன்று வருடம். ஒரு பேக்கரியில் பொதி கட்டும் வேலை. அதிகம் கதைக்க மாட்டாள். பெரிய பானை ஒன்று தேவையாம். அவர்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டேன்.

சந்தையில் அவளைப் பானைக்காரர்கள் பக்கம் விட்டுவிட்டு என் வழமையான சுற்றைத் தொடங்கினேன். இரண்டு மணித்தியாலம். ஒன்றும் இல்லை. வாசலுக்கு வந்தபோது அவள் கோப்பி குடித்துக்கொண்டு நின்றாள். பானை இல்லை. காலடியில் ஒரு பெட்டி இருந்தது.

பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மண்ணிறத் தோலுறை, கோதுமை நிறத்தில் முன்பக்கத் துணி, தேய்ந்த கைப்பிடி. குந்தியிருந்து பின்பக்கத்தைப் பார்த்தேன். ஐந்து கண்ணாடிக் குழாய்கள், தூசி படிந்து, வரிசையாக.

"எங்கை எடுத்தனீர்?"

"அந்தக் கடைசி மேசையிலை மச்சாள். யன்னல் கேட்டின் துணியெல்லாம் போட்டு மூடிக் கிடந்தது."

அந்த மேசையைக் கடந்து நானும் போயிருந்தேன். மடித்த கேட்டின்களும் மேலே ஒரு சுவர்க்கடிகாரமும். அசிங்கமான கேட்டின் என்று நினைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனேன். அவளோ துணியை உயர்த்திப் பார்த்திருக்கிறாள். விற்றவர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாராம். இவள் பாரமான மேசையை மடிக்க ஒரு கை கொடுத்தாளாம். வகுப்பில் படித்த பத்துப் பிரெஞ்சுச் சொற்களை வைத்து விலை கேட்டிருக்கிறாள். நாற்பது டொலர் என்றாராம். பேரம்கூடப் பேசவில்லை.

காரில் ஏறினோம். பின் சீற்றில் அது இருந்தது. கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"வேலை செய்யுமோ மச்சாள்?" என்று கேட்டாள்.

நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்ததுபோலப் பதில் வந்தது. "ட்ரான்ஸ்போமர் எரிஞ்சு போச்சுப் போலை. பிளக்கிலை குத்திக் கித்திப் போடாதையும். கறண்ட் அடிச்சுச் சாகிற சாமான்."

பழைய பெட்டிகளைச் சோதிக்காமல் மின்சாரத்தில் போடக்கூடாது என்பது உண்மை. ட்ரான்ஸ்போமரைப் பற்றிச் சொன்னது முழுப்பொய். அதோடு நிற்கவில்லை. "உங்கடை வீட்டிலை இடமும் இல்லை. இடைஞ்சலெண்டா நான் கொண்டுபோய் வைக்கிறன்" என்றும் சொன்னேன்.

"பறவாயில்லை மச்சாள். இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் அவர்கள் வீட்டுக்கு அடிக்கடி போகத் தொடங்கினேன். ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பு, ஒருநாள் எனக்குச் சின்னதாய்ப்போன உடுப்பு என்று ஏதாவது சாட்டு. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. மூச்சிரைக்க ஏறிப் போய், வரவேற்பறை மூலையில் அது இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருமுறை தம்பி தன் நனைந்த கையுறைகளை அதன்மேல் காயப்போட்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது. கிற்றாரைத் தொட்டும் அறியாத வீட்டில் அது ஸ்டூலாகக் கிடக்கிறதே என்று வீடு போகும்வரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் போனேன். இரண்டாம் மாடியிலேயே கேட்டது. தவக்காலத்தில் நாங்கள் பாடும் ஒரு பாட்டின் மெட்டு. ஆனால் நான் வாசிப்பதுபோல இல்லை. ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாக, அவசரமில்லாமல், உருண்டு வந்தது. நல்ல ஸ்பீக்கர் வாங்கிவிட்டார்கள், ஏதோ ரெக்கோர்டிங் ஓடுகிறது என்று நினைத்துக் கதவைத் தட்டினேன். சத்தம் நின்றது.

கதவைத் திறந்தவளின் தோளில் கிற்றார் தொங்கியது.

கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் பத்து வயதில் பழகத் தொடங்கினாளாம். சண்டைக் காலத்தில் இடம்பெயரும்போது கிற்றார் தவறிப்போனது. இந்தக் கிற்றாரைப் போன மாதம் வாங்கியிருக்கிறாள்.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே மச்சாள். நீங்கள் வாசிக்கேக்கை நான் என்னெண்டு வந்து நானும் வாசிப்பன் எண்டு சொல்லுறது?"

பிறகு அம்பிளிபயரைக் காட்டினாள். "திருத்திற ஆளிட்டைக் கொண்டுபோனனான். ஒரு வால்வும் வயரும்தான் மாத்தினவர். ட்ரான்ஸ்போமர் நல்லாத்தான் இருக்காம்." அதை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.

நான் கிற்றாரை எடுத்து மடியில் வைத்தேன். ஆறு வருடமாக நான் கனவு கண்ட கணம் அது. அதே மெட்டை வாசித்தேன். பெட்டி ஒன்றையும் மறைக்கவில்லை. சரியாக அழுத்தாத விரல், இழுபடும் தாளம், நான் விழுங்கிவிட்டுப் போகும் சுரங்கள் எல்லாம் அறை முழுவதும் தெளிவாகக் கேட்டன. என்னுடைய பழைய பெட்டியின் இரைச்சல்தான் இவ்வளவு காலமும் என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறது. பாதியில் நிறுத்தினேன். அவளது விரல்கள்மீது எனக்கு அந்த நேரத்தில் வந்த பொறாமையை என்ன சொல்வது? பெட்டிமேல் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

தேத்தண்ணியோடு வந்தவளிடம், "நான் பொய் சொன்னனான்" என்றேன்.

"ஓம். தெரியும். காரிலையே தெரியும்."

"பிறகேன் பேசாமல் இருந்தனீர்?"

"பேசியிருந்தா, பேந்து நீங்கள் என்னை ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டீங்கள்" என்றாள். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனவள் நான் ஒருத்திதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதைக் கேட்டு மனம் திருந்தி அடுத்த ஞாயிறே பாடகர் குழுவிடம் சொன்னேன் என்று எழுத ஆசை. மூன்று ஞாயிறுகள் வாயைத் திறக்கவில்லை. நாலாவது ஞாயிறு, குழுவை நடத்தும் அக்கா, "உயிர்த்த ஞாயிறுக்கு இன்னொரு கிற்றார் இருந்தா நல்லம்" என்று தானாகவே சொன்னபோது, வேறு வழியில்லாமல் சொன்னேன். "என்ரை தம்பியின்ரை மனிசி வாசிப்பா." என்னைவிட நல்லாய் என்று சேர்க்கவில்லை.

தேவையும் இருக்கவில்லை. உயிர்த்த ஞாயிறன்று அவள் வாசித்தபோது முன் வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் இருந்து என் சின்னப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்துப் பின்னணிக்குக் கோர்ட்டுகளை மட்டும் பிடித்தேன். பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு அண்ணை என்னிடம் வந்து, "பிள்ளை அருமையா வாசிக்குது. நீங்களோ பழக்கினது?" என்று கேட்டார்.

ஓம் என்று தலையாட்டியிருக்கலாம். அவள் தூரத்தில், கோட் போட்டுக்கொண்டு நின்றாள். கேட்டிருக்காது.

"இல்லை அண்ணை. அவ முந்தியே நல்லா வாசிப்பா. எனக்குத்தான் தெரியாமல் இருந்தது."

இப்போது புதன்கிழமைகளில் வேலை முடிந்து நேரே அவள் வீட்டுக்குப் போகிறேன். என் சுட்டுவிரல் எங்கே பிழைக்கிறது என்று பொறுமையாகக் காட்டித்தருகிறாள். அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சல். சில நாள் பாதியில் கோபித்துக்கொண்டு எழும்பி வந்துவிடுகிறேன். அடுத்த புதன் திரும்பவும் அந்த மூன்று மாடியும் ஏறுகிறேன்.