அப்பா சொன்ன வயது

எங்கள் பக்கத்தில் அப்போது ஆளுக்கு இரண்டு வயதுக் கணக்கு உண்டு. வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று வயதில் என் கை உச்சந்தலையைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் தலைமை ஆசிரியர் என் அப்பாவாயிற்றே! ஐந்து என்று எழுதி, ஊரில் பாதிப் பிள்ளைகளைப்போல என்னையும் ஜூன் முதல் தேதியில் பிறக்க வைத்துவிட்டார். சீக்கிரம் படித்து சீக்கிரம் வேலைக்குப் போவேனாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், எங்கள் ஊரான ஆவூரில் தேர்த் திருவிழா. ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. அந்தத் திமிரில், புளியமரத்தடியில் லங்கர் கட்டைச் சூதாட உட்கார்ந்தேன். படம் போட்ட துணியில் காசை வைப்போம். கடைக்காரன் டப்பாவில் கட்டைகளைக் குலுக்கிக் கவிழ்ப்பான். நாம் வைத்த படம் விழுந்தால் நமக்கு. இரண்டு தடவை எனக்கே விழுந்தது. அடேயப்பா, என்ன குஷி! மூன்றாவது தடவை டப்பாவைத் தூக்குவதற்குள் என் பிடரியில் ஒரு கை விழுந்தது. வேட்டி கட்டி வந்திருந்த போலீஸ்காரர்.

மறுநாள் புதுக்கோட்டையில் நாங்கள் பிடித்த வக்கீல், அப்பாவிடம் பட்டென்று சொல்லிவிட்டார். "பதினெட்டு ஆகலைன்னா கண்டிச்சு ஒங்க கையில ஒப்படைச்சுருவாங்க சார். ஆயிருச்சுன்னா தண்டனைதான். அப்புறம் பையன் வாத்தியார் வேலைய மறந்துற வேண்டியதுதான்."

உண்மையில் எனக்குப் பதினாறு. பள்ளிச் சான்றிதழில் பதினெட்டு. ஜாமீனில் நான் வீடு வந்ததும், அம்மா பங்குச் சாமியாரிடம் ஓடிப் போய், உண்மையான பிறந்த தேதி இருந்த என் ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கி வந்தாள். "பெத்தவ எனக்குத் தெரியாதா எம்புள்ள வயசு? இதக் காட்டுங்க, விட்டுருவாங்க" என்று அப்பாவின் சட்டைப் பையில் அவளே வைத்தாள். எனக்கு உயிர் வந்தது.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மீசைகூட அரும்பாத முகம். போலீஸ் கொடுத்திருந்த பள்ளிச் சான்றிதழைப் புரட்டிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

"பார்த்தா சின்னப் பையனா இருக்கான். இதில பதினெட்டுன்னு இருக்கு. தகப்பனார் நீங்க, சொல்லுங்க, எது சரி?"

அப்பா தொண்டையைச் செருமினார். "அதுல இருக்கிறதுதான் சரிங்க. நான் எழுதுனதுதாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னைப் பெற்ற மனுஷனா இப்படிச் சொல்கிறார்?

"இல்லைங்க! எனக்குப் பதினாறுதாங்க!" என்று கத்தினேன்.

"ஆதாரம் ஏதாச்சும் இருக்கா?" என்றார் மாஜிஸ்திரேட்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கை சட்டைப் பையை அழுத்திப் பிடித்திருந்தது. வகுப்பையே நடுங்க வைக்கும் வாத்தியார் தரையைப் பார்த்தபடி நின்றார்; அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. ஆதாரம் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அபராதம், கோர்ட் கலையும்வரை காவல். சாயங்காலம்வரை சூதாடிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியர் பயிற்சி அத்தோடு போயிற்று.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அப்பாதான் முதலில் பேசினார். "பொய் வயசு எழுதுனேன்னு கோர்ட்டுல ஒத்துக்கிட்டா எம் வேலை போயிரும்டா. ஒங்கம்மா, ஒந் தங்கச்சிங்க மூணு பேரு, எல்லாரும் நடுத்தெருவுல நிக்கணும். இவங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துறது?"

அவர் விரல் விட்டு எண்ணியதை நானும் எண்ணினேன். நாலு பேர்.

"அப்ப நானுப்பா?" என்றேன்.

ஆவூர் பஸ் வந்தது. அவர் ஏறி, பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைத்து, ஜன்னல் வழியாக "வாடா, வா" என்று கூப்பிட்டார். பஸ் கிளம்பும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் ஏறவில்லை.