இரண்டாம் முறை ஊதியபோது

என் அண்ணனை ஏணியிலிருந்து விழவைத்தவள் நான்தான். அவன் கால் தவறவில்லை. அப்பா பிடியை விடவும் இல்லை. நான்தான்!

அப்போது எனக்குப் பத்து வயது. அண்ணன் செல்வத்துக்குப் பன்னிரண்டு. சோளக்காடு சந்தைக் கடையில் பொட்டலம் மடிக்க வைத்திருந்த பழைய தாள்களுக்கிடையே எங்களுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் கிடைத்தது. அதில் ஒரு திருடனிடம் மந்திரப் புல்லாங்குழல் இருக்கும். அவன் ஊதினால் கேட்டவர்கள் ஆடியே தீர வேண்டும். ராஜாவும் ஆடுவார், காவல்காரனும் ஆடுவான். அவர்கள் ஆடிக் களைத்து விழுந்ததும் இவன் சுருட்டிக்கொண்டு ஓடுவான். நீங்களும் சிறுவயதில் அப்படியொன்றைப் படித்துச் சிரித்திருப்பீர்கள்...

நாங்கள் சிரித்ததோடு நிற்கவில்லை. பப்பாளி இலைக் காம்பில் ஆளுக்கொரு குழல் செய்துகொண்டோம். விதி ஒன்றே ஒன்று. ஊதினால் ஆட வேண்டும், கையில் என்ன இருந்தாலும் சரி. ஆடாவிட்டால் புத்தகம் அடுத்தவருக்கு.

ஒருநாள் பஸ் நிற்கும் இடத்தில், தலையில் மரவள்ளிக்கிழங்குக் கூடையோடு நான் நின்றபோது அண்ணன் ஊதினான். ஆடினேன். கூடை கவிழ்ந்தது. பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அட, அந்தச் சிரிப்பு! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலை மிளகு பறிக்க அண்ணன் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறினான். ஒற்றை மூங்கில்தான் ஏணி, கணுக்கள்தான் படி. கண்ணில் தூசி விழாமலிருக்கத் தலையைக் குனிந்துகொண்டு, அப்பா அடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

நான் ஊதினேன்.

அண்ணன் கீழே பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினான். அவன் கண்ணில் பயம் இருந்தது. அதை நான் பார்த்தேன். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம் அல்லவா?

மறுபடியும் ஊதினேன்.

அப்பாவின் காதிலும் விழுந்திருக்கும். பிள்ளைகள் எதையோ ஊதுகிறார்கள் என்று இருந்திருப்பார். எங்கள் விதி அவருக்கு எப்படித் தெரியும்? அண்ணன் ஒரு கையை விட்டான். ஒரு காலைத் தூக்கினான். ஆடினான்! ஏணி திருகி, அப்பாவின் கையைப் பிய்த்துக்கொண்டு சாய்ந்தது.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மலை இறங்கும்போது கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஜீப்புக்குள் அவன் அலறினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் காதோடு சொன்னான்: "நீ ஊதுனத நான் சொல்ல மாட்டேன். பெருசானதும் நீயே அப்பாகிட்டச் சொல்லீரு."

பெரியவளாகி எத்தனை வருஷம் ஆயிற்று! இரண்டு பிள்ளைகளையும் பெற்றுவிட்டேன். வாயைத் திறந்தேனா? பத்து வயதுக்காரியை நீங்கள் மன்னித்துவிடலாம். இந்த நாற்பது வயதுக்காரியை என்ன செய்வீர்கள்?

அப்பா அதன்பின் ஏணியைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நாந்தானுங்க புடிய உட்டுட்டேன்" என்பார். நான் அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுப்பேன்.

சில மாதங்களாக அவர் படுத்த படுக்கை. இன்று மத்தியானம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, அண்ணனின் குட்டையாகிப்போன காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னைய மன்னிச்சுரு கண்ணு. அப்பன் கை வழுக்கிருச்சு."

அண்ணன் என்னையே பார்த்தான். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது... சத்தியமாக வந்தது!

"உடுங்கப்பா" என்றேன். "நீங்க வேணும்னா செஞ்சீங்க?"

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீயாச்சும் சொன்னியே சாமி" என்றார். அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்து, காலை இழுத்தபடி வெளியே போனான்.