பழைய துளைகள்

குன்னூரில் பழைய கார்களின் தோல் வேலைக்கு ஆள் கேட்டால் கொர்னேலியஸைக் கை காட்டுவார்கள். அது பாதிதான் உண்மை. வெட்டுவதும் ஒட்டுவதும் அவர். தைப்பது அவர் மனைவி ஞானசுந்தரி. பட்டறைப் பலகையில் தன் பெயர் இல்லையே என்று அவள் கவலைப்பட்டதில்லை. அவள் கவலை வேறு. கண் மங்கிக்கொண்டே வந்தது. கணவரிடம் சொன்னால் ஊசியை வாங்கி வைத்துவிடுவார். ஊசி போனபின் நான் எதற்கு என்று பயந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

பழைய தோலைத் திரும்பத் தைக்கும்போது புதுத் துளை போடக் கூடாது. ஊசி பழைய துளையிலேயே போக வேண்டும். பக்கத்தில் இன்னொன்று விழுந்தால் நடுவே கிழிந்துவிடும். அந்தத் துளைகளை அவள் விரல்நுனியால் தடவியே கண்டுபிடித்து ஒப்பேற்றி வந்தாள்.

பக்கத்து ஊரான ஜெகதளாவிலிருந்து கருணாகரனின் ஆஸ்டின் கார் வந்தது பனிக்காலத்தில். கதவின் உட்புறம் பூங்கொடி பதித்த பச்சைத் தோல்.

"எங்கம்மா ஆசைப்பட்டுப் போட்டதுங்க. பார்த்துச் செய்யுங்க" என்றார் அவர்.

மறுநாள் காலை தைக்க உட்கார்ந்தபோது குளிரில் ஞானசுந்தரிக்கு விரல்கள் மரத்துப் போயின. துளை எங்கே என்று தெரியவில்லை. நிறுத்தினால் கணவர் ஏன் என்று கேட்பார். குத்துமதிப்பாகக் குத்தி நூலை இழுத்தாள். கொடியின் ஓரம் நீளமாகக் கிழிந்தது.

கொர்னேலியஸ் வந்து கிழிசலைப் பார்த்துவிட்டுப் போனார். மாலையில் கருணாகரன் வந்ததும், "கத்தி வழுக்கிருச்சுங்க. என் தப்புதானுங்க" என்றார்.

"உங்களை நம்பித்தானுங்க குடுத்தேன்."

கணவர் தலைகுனிந்து நின்றது அவளுக்குப் பொறுக்கவில்லை. வெட்கத்தைவிட அதுதான் பெரிதாக வலித்தது.

"கத்தி இல்லீங்க. நான் தைச்சுக் கிழிச்சது. எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க."

கருணாகரன் கிழிசலைத் தடவிப் பார்த்தார்.

"சரி பண்ண முடியுங்களா?"

"பின்னால தோல் வெச்சு ஒட்டலாமுங்க. ஆனா கோடு தெரியும்" என்றார் கொர்னேலியஸ்.

"பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் கருணாகரன் போனார். மன்னித்தாரா, வேறு வழியில்லையா, அது அவருக்கே வெளிச்சம்.

மறுநாள் ஒட்டு காய்ந்ததும் ஞானசுந்தரி ஊசியைக் கணவரிடம் நீட்டினாள். "எடுத்து வெச்சிருங்க."

வாங்கியவர் டப்பாவில் போடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கு முன்னமே தெரியும், சுந்தரி. நீயா சொல்லட்டும்னு இருந்துட்டேன். கிழிஞ்சதுல எனக்கும் பங்கு இருக்குது."

அவள் அழுதாள். அவர் ஊசியைப் பழைய துளையில் நுழைத்து, அவள் கையைப் பிடித்து நூலில் வைத்தார்.

"இழு" என்றார்.