ஒரு வைசர், நாலு சங்கரா

புது எஸ்யூவியின் ஜன்னல்களுக்கு மேலே சாரல் தடுக்கும் பிளாஸ்டிக் பட்டைகளான மழை வைசர் நாலையும் இன்று காலை நானே ஒட்டினேன். ஒட்டித் தருகிறேன் என்ற கடைக்காரரிடம் வேண்டாம் என்றேன். வீடியோ பார்த்தவனாயிற்றே.

"டேப் பிடிக்க ஒரு நாள் ஆகும். யாரும் கை வைக்கக் கூடாது" என்று வீட்டில் உத்தரவும் போட்டேன்.

மத்தியானம் புதுப்பட்டினத்தில் மீன் வாங்க நிறுத்தினோம். பேரம் சூடானதும் மனைவி கண்ணாடியை இறக்கி, வைசரைப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டினாள். அது பெயர்ந்து வஞ்சிரக் கூடையில் விழுந்தது.

மீன்காரம்மா அதை எடுத்து விசிறிப் பார்த்தார்.

"ஈ ஓட்ட நல்லாத்தான் கீது. இத்த உட்டுட்டுப் போம்மா, கொசுறா ரெண்டு சங்கரா போடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "நாலு போடுக்கா."

ராத்திரி சங்கரா குழம்பு.

மீதி மூன்று வைசருக்கு இறால் எங்கே கிடைக்கும் என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறாள்.