இங்கிலாந்து வண்டியா, இத்தாலி வண்டியா?

பழைய வெளிநாட்டுக் கார் விற்கிறவன் பாதி நேரம் கல்யாணத் தரகன்தான். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

இந்தச் சாரல் பருவத்தில் மேலகரத்திலுள்ள என் ஷெட்டுக்கு இரண்டு கார்கள் விற்பனைக்கு வந்தன. இரண்டுமே நெடுந்தூரம் சொகுசாகப் போவதற்கென்று அந்தக் காலத்தில் செய்த, நீள மூக்குக் கார்கள். ஒன்று இங்கிலாந்து, உதிரி பாகம் கிடைக்கும். மற்றது இத்தாலி, கிடைக்காது, ஆனால் சேகரிப்பவர்கள் அதற்குத்தான் அலைவார்கள். பார்க்க வந்தவர் செங்கோட்டை மரக்கடை அண்ணாச்சி. ஏற்கெனவே வீட்டில் பழைய கார்கள் நிற்கின்றன. கூடவே அவர் மனைவி. எனக்கு மதினி முறை.

ஐந்தருவி ரோடு

இங்கிலாந்து வண்டியை ஓட்டிப் பார்த்தபோது அண்ணாச்சி வழியெல்லாம் தேக்கு விலை பேசினார். இத்தாலி வண்டியில் ஏறியதும் பேச்சு நின்றுவிட்டது. மேட்டில் கியர் மாற்ற மாற்ற என்ஜின் குரல் உயர்ந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு, சாரல் முகத்தில் அடிக்க அடிக்க ஓட்டினார்.

திரும்பி வந்து இறங்கியவர், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது நல்ல வண்டி தம்பி. இது என்னைய இருவது வயசுப் பயலாக்கிட்டு."

மதினியின் முறை

இத்தாலி வண்டியின் சீட் தரையோடு தரையாக இருக்கும். மதினி உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. முழங்கால் வலிக்காரர். அண்ணாச்சி ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துத் தூக்கினோம். இங்கிலாந்து வண்டியில் சீட் உயரம், கதவும் அகலம். அதில் தானே ஏறி, தானே இறங்கினார். கோபமொன்றும் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"ஏறுனா மட்டும் போதுமா? இறங்கவும் வேண்டாமா?"

மறுநாள்

அண்ணாச்சி தனியாக வந்தார். இத்தாலி வண்டியைத்தான் கேட்பார் என்று துடைத்து வைத்திருந்தேன். அதன் ஸ்டியரிங்கைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றவர், நேராக இங்கிலாந்து வண்டியிடம் போய், இதையே முடித்துவிடலாம் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"உங்க மதினி கேட்டா, அந்த இத்தாலி வண்டிச் சத்தம் எனக்குப் பிடிக்கலைன்னு மட்டும் சொல்லுங்க."

வண்டி எடுக்க வந்த அன்று

அண்ணாச்சி டயரைப் பார்க்கப் போன நேரத்தில் மதினி என்னிடம் மெதுவாக விசாரித்தார். சொல்லச் சொன்னதையே சொன்னேன். கேட்டுவிட்டு, இத்தாலி வண்டி இன்னும் விற்கவில்லையே என்று உறுதி செய்துகொண்டார்.

"சத்தம் பிடிக்காதவரு அத எதுக்குப் போன்ல பதிஞ்சு வச்சுக் கேக்காரு? அதையும் எங்களுக்கே எடுத்து வைங்க. அவரு ஓட்டிட்டு வரட்டும், நான் வாசல்ல நின்னு பாத்துக்கிடுதேன்."

இவ்வளவு நடந்தும், எது சிறந்த வண்டி என்று என்னை யாருமே கேட்கவில்லை.