தண்ணீருக்கடியில் ஒரு பெரட்டுக்களம்

எழுபதுகளின் நடுவில், மீனாட்சிபுரத்தில் பால் கேன் சுமந்து ஓய்ந்துபோன ஒரு மூடு வேனை வாங்கி நான் அதை வீடாக்கினேன். வெள்ளைக்காரர்கள் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கி, ஊர் ஊராகப் போகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்ததன் விளைவு. உள்ளே இரண்டு கயிற்றுக் கட்டில், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஜன்னலுக்குக் காடாத் திரை. எத்தனை தடவை சீயக்காய் போட்டுத் தேய்த்தும் புளித்த பால் வாடை மட்டும் போகவில்லை.

"ஏனுங்க, மனுசன் குடியிருக்கற ஊடுங்களா இது? தயிர்ப்பானைக்குள்ள படுத்தாப்பல இருக்குதுங்க" என்றாள் என் மனைவி. ஆனால் தென்னந்தோப்பையும் மாடுகளையும் என் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பிய அன்று, முதலில் ஏறி உட்கார்ந்தவள் அவள்தான்.

பழைய நண்பர்களைப் பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம். பாலக்காட்டில் படித்தபோது ஹாஸ்டலில் ஓர் அறையில் மூன்று பேர் இருந்தோம். ஒருவன் கொல்லங்கோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர். இன்னொருவன் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் டீமேக்கர், அதாவது ஃபாக்டரியில் தேயிலை பதம் பார்த்து இறக்குகிறவன். மூன்றாவது ஆள் நான்.

முதலில் கொல்லங்கோடு போனோம். ஜவுளிக்கடைக்காரன் நெய்ச்சோறு போட்டு, எஸ்டேட்காரனுக்கு ஒரு வேட்டியும் கொடுத்தனுப்பினான். வண்டியில் ஏறும்போது என் தோளைப் பிடித்து நிறுத்தினான். "போறதுதான் போற, அவனை நல்லாப் பாத்துட்டு வா. அவன் எழுதற கடுதாசி ஒண்ணும் சரியில்லடா. தண்ணிக்குள்ள இருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடறாங்களாம்."

நான் சிரித்தேன். பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் டீக்கடை பெஞ்சிலேயே வைத்து மடக்குகிறவன் நான். ஊரில் எனக்கு அந்தப் பெயர் இருந்தது, எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான்.

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று ஏறினோம். ஏற்றத்தில் நான்கு தடவை ரேடியேட்டர் கொதித்தது. சனிக்கிழமை சாயங்காலம் எஸ்டேட் போய்ச் சேர்ந்தபோது நண்பன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். பாதியாக இளைத்திருந்தான். ஆனால் பேச்சும் கேலியும் பழையபடிதான். "என்னலே, பால்காரனாவே ஆயிட்டியா?" என்று வண்டியை மோந்து பார்த்தான்.

அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவன் மனைவி வண்டி அருகே வந்தாள். அதுவரை சிரித்த முகமாகக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தவள், என்னையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சட்டென்று அழ ஆரம்பித்தாள்.

"எங்கண்ணன்மார் ரெண்டு பேரும் திங்கக்கெழம போடியிலேருந்து ஜீப் எடுத்துட்டு வாராகண்ணே. இவுகள மதுரப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில சேக்கணுமாம். தலையில கரண்டு வைப்பாகளாம். தண்ணியில பெரட்டு நடக்குன்னு சொல்லுதாக. நான் ரெண்டு தடவ கூடப் போய்ப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல."

பெரட்டு என்றால் எஸ்டேட்டில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பது. நண்பனுடைய அப்பா அங்கே கங்காணியாக இருந்து பெயர் கூப்பிட்டவர். அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயன் வீடுகளோடு அந்தப் பெரட்டுக்களமும் முழுகிவிட்டது. அதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார்.

"நாளைக்கு லீவு. ஒங்களயும் தோணியில கூட்டிட்டுப் போவாக. போயிட்டு வந்து ஒத்த வார்த்த சொல்லுங்க. ஒங்களுக்கும் கேட்டுச்சுன்னா எங்கண்ணன்மார நான் திருப்பி அனுப்பிருவேன். கேக்கலன்னா அனுப்பித்தான வைக்கணும்? பிள்ளயில்லாத வீடு, இவுகள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

நான் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினேன். கேட்கப் போவதில்லை என்று எனக்கு நிச்சயம். அதை எப்படி நோகாமல் சொல்வது என்பதுதான் அப்போது என் கவலை.

அந்தத் தோணி, சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார மேனேஜர் விட்டுச் சென்றது. கயாக் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அங்கேதான். மரச் சட்டத்தின்மேல் கான்வாஸ் போர்த்தி, ஒல்லியாக, நீளமாக இருந்தது. மேலே இரண்டு ஓட்டை. ஓட்டைக்குள் காலை நீட்டி உட்கார வேண்டும். துடுப்புக்கு இரண்டு பக்கமும் இலை. கிழிந்த இடங்களில் நண்பன் தார் பூசியிருந்தான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கினோம். அவன் முன்னால், நான் பின்னால். நான் கிணற்றில் நீந்தி வளர்ந்தவன். கிணற்றில் எந்தப் பக்கம் கை நீட்டினாலும் கல் உண்டு. இங்கே சுற்றிலும் தண்ணீர், அதுவும் இடுப்புக்குக் கீழே ஒரு துணிக்கு அந்தப் பக்கம். என் கால் அதன் குளிர்ச்சியை உணர்ந்துகொண்டே இருந்தது. கரையில் இரண்டு பெண்களும் எங்களைப் பார்த்தபடி நின்றார்கள்.

"கூப்பிட்டா மட்டும் வாயத் தொறக்காத" என்றான் நண்பன், துடுப்பை நிறுத்தாமல். "இருக்கேன்னு பதில் சொன்னாத்தான் அவுக கணக்குல ஆள் சேரும். நான் இதுவர சொல்லல."

"செரி, சொல்லலடா" என்றேன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

நடுத் தண்ணீருக்குப் போனதும் மலைமேலிருந்து மஞ்சு வெள்ளை மூட்டமாக இறங்கியது. எதிர்க் கரை போயிற்று. பிறகு எங்கள் கரையும் பெண்களும் மறைந்துபோனார்கள். கடைசியில் எனக்குத் தெரிந்தது நண்பனுடைய முதுகும் கொஞ்சம் தண்ணீரும் மட்டும்தான். அவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான். "இதுக்கு நேர் கீழதான்" என்றான்.

முதலில் யாரோ தொண்டையைச் சரிசெய்கிற சத்தம் வந்தது. நண்பன் என்று நினைத்தேன். அவன் முதுகு அசையவில்லை.

அப்புறம் ஓர் ஆண் குரல். உரக்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. அவசரமே இல்லாமல் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னது. சொல்லிவிட்டு, ஓர் ஆள் 'இருக்கேன்' என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நிறுத்தியது. அடுத்த பெயர். மறுபடி அதே இடைவெளி. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அது ஒரே மாதிரி கேட்டது. ஏழெட்டுப் பெயர்கள் போயிருக்கும்.

பிறகு என் பெயரைச் சொன்னது.

இந்த முறை இடைவெளி நீண்டது. அல்லது எனக்கு அப்படி இருந்தது. பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. நாக்கு தானாக மேலே எழுவதை உணர்ந்தேன். மணிக்கட்டை வாய்க்குள் திணித்துக் கடித்தேன். உப்புக் கரித்தது. குரல் இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிற்று.

எல்லாம் அடங்கிய பிறகு நண்பன் திரும்பாமலே கேட்டான். "கேட்டுச்சால?"

அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. என் முகம் அவனுக்குத் தெரியவில்லை. "என்னத்த?" என்றேன்.

அவன் துடுப்பை எடுத்துக் கரைப் பக்கம் திருப்பினான். மஞ்சுக்குள் எப்படி வழி கண்டுபிடித்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கரை ஏறியதும் அவன் தோணியைக் கவிழ்த்துத் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி என் எதிரில் வந்து நின்றாள். கண் மட்டும் கேட்டது. குரல் காதில் விழுந்தது என்று சொன்னால் என்ன விழுந்தது என்பாள். என் பெயரைக் கூப்பிட்டது என்று நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பயம் பாதி. டீக்கடை பெஞ்சில் மற்றவர்களை மடக்குகிற என் கர்வம் பாதி.

"ஒண்ணும் கேக்கலம்மா" என்றேன்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரிண்ணே" என்றாள். நான் மணிக்கட்டை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. என் மனைவி கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றேன்.

திங்கட்கிழமை காலை ஜீப் வந்தது. நண்பன் அழுவான், சண்டை பிடிப்பான் என்று நான் எதிர்பார்த்தேன். அவனோ கொல்லங்கோட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவன்போல முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஜீப் கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நான் பேசாமல் நின்றேன். மறுபடி கூப்பிட்டான். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. என் மனைவி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். அவன் மட்டும் திகைக்கவில்லை. லேசாகச் சிரித்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

நாங்கள் மதியம் கிளம்பினோம். மூணாறு ரோட்டில் ரேடியேட்டர் மறுபடி கொதித்தது. வேறொரு எஸ்டேட்டின் ஓரமாக நிறுத்தி, தண்ணீர் ஊற்ற இறங்கினேன். அங்கேயும் மஞ்சு. அதற்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னது. என் கையிலிருந்த வாளி விழுந்துவிட்டது.

மஞ்சு கொஞ்சம் விலகியதும் பார்த்தேன். கொழுந்து நிறுக்கிற இடம். பெண்கள் சாக்கோடு வரிசையில் நிற்க, ஒருவர் தராசுப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! அங்கேயே நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். எதிர்க் கரையிலும் எஸ்டேட்தானே? அங்கே நிறுவை நடந்திருக்கிறது. தண்ணீர்மேல் சத்தம் வெகுதூரம் போகும், மஞ்சில் திசை தெரியாது. என் பெயர் எங்கள் பக்கம் பத்து வீட்டுக்கு ஒருவனுக்கு உண்டு. எஸ்டேட்டில் இருக்கக் கூடாதா?

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மணிக்கட்டையும் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தில் அறையாத குறையாகச் சொன்னாள். "இத்தன நேரம் வாய்ல என்னத்த வெச்சிருந்தீங்க? வண்டியத் திருப்புங்க மொதல்ல."

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நண்பன் மனைவி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சுவிடாமல் சொன்னேன். அவனுக்குப் பைத்தியமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் கேட்டது நிஜமான குரல். எதிர்க் கரையில் கொழுந்து நிறுக்கிறார்கள், அவ்வளவுதான். உடனே அண்ணன்மாருக்குத் தந்தி கொடு, நானே போய்க் கூட்டி வருகிறேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நேத்து ஞாயித்துக்கெழமைல்லாண்ணே" என்றாள். "ஞாயித்துக்கெழம எந்த எஸ்டேட்லயும் கொழுந்தும் கெடயாது, நெறுவயும் கெடயாது."

லீவு என்பதால்தானே அவன் என்னைத் தோணியில் கூட்டிப்போனான்! வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்த எனக்கு அது தோன்றவே இல்லை. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ ஒங்களுக்குக் கேட்டிருக்கு" என்றாள் நண்பன் மனைவி. குரலில் கோபம்கூட இல்லை. "ஒத்த வார்த்ததானண்ணே ஒங்ககிட்டக் கேட்டேன்."

அவள் உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். எனக்கும் கேட்டது என்று எழுதினேன். பொய் சொன்னேன் என்றும் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. எழுதிக் கொடுப்பதும் பதில் சொல்வதுதானோ என்று ஒரு கணம் தோன்றியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். போட்டேன்.

மறுநாள் அந்தக் காகிதத்தோடு அவள் மதுரைக்குப் பஸ் ஏறினாள். அதற்குள் ஒரு தடவை கரண்டு வைத்துவிட்டார்களாம். மாதக் கடைசியில் அவன் வீடு திரும்பினான். தோணியை விறகுக்கு உடைத்துவிட்டதாகக் கொல்லங்கோட்டுக்காரன் சொன்னான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் இப்போது யாருக்கும் பதில் சொல்வதில்லையாம். அது கரண்டாலா, பழைய பழக்கத்தாலா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்கும் வருஷத்துக்கு ஒரு கடுதாசி போடுவான். என்மேல் ஒரு குறை சொல்லி ஒரு வரி இருக்காது. அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. மழை, தேயிலை, உடம்பு என்று எல்லாம் எழுதுவான். 'அன்புள்ள நண்பனுக்கு' என்றுதான் தொடங்குவான், ஒரு கடுதாசியிலும் என் பெயரை எழுத மாட்டான். உறையின் மேல் மட்டும் என் பெயர் இருக்கும். அது அவன் மனைவியின் கையெழுத்து.